அடைத்து வைப்பது சிகிச்சை அல்ல

“பிடிச்சு அடைச்சு வைச்சாத்தான் திருந்துவான்.” போதைக்கு அடிமையான பிள்ளையைப் பற்றி யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சாதாரணமாகச் சொல்லப்படும் பேச்சு இது. பெற்ற தாயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் தவிப்பு உண்மையானது. ஆனால் அந்த நம்பிக்கை பிழை, உயிரெடுக்கும் பிழை.

மாதக்கணக்கில் ஹெரோயின் கிடைக்காவிட்டால் அதைத் தாங்கும் சக்தியை உடல் இழந்துவிடும். ஆசை மட்டும் போகாது. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்களில்தான் இப்படியான சாவுகள் அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நமது இலங்கை அரசு நம்பியிருப்பதோ கந்தகாடு போதைப் புனர்வாழ்வு நிலையத்தை. போருக்குப் பின் முன்னாள் போராளிகளைத் தடுத்து வைத்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் இந்த நிலையத்தையும் நடத்தி வந்தது. காவல் இராணுவத்தின் கையில் இருந்தது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அந்தச் சாவு தொடர்பாகப் படையினரே கைதானார்கள். நோயாளி வேலி பாய்ந்து ஓடும் இடத்தை எப்படி வைத்தியசாலை என்பது? இத்தகைய கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டன. நாமோ 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கையைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரை அள்ளிச் சென்றோம்.

பிடித்தால் சரக்கு வராது என்பதும் வீண் நம்பிக்கை. ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து புறப்படும் ஹெரோயின் நடுக்கடலில் நமது பலநாள் படகுகளுக்குக் கைமாறுகிறது. தலிபான் 2022இல் விதித்த தடையால் அடுத்த ஆண்டே ஹெரோயினுக்கு மூலப்பொருளான அபின் பயிர்ச்செய்கை ஆப்கானிஸ்தானில் 95 சதவீதம் விழுந்தது. அப்போதும் போதை நிற்கவில்லை. அபின் உற்பத்தியில் மியன்மார் முதலிடத்துக்கு வந்தது. வயலே தேவைப்படாத ஐஸ் (மெதம்பெட்டமின்) நமது ஊர்களுக்குள் பரவியது.

ஹெரோயின் அடிமைத்தனத்துக்கு மருந்து இல்லாமலில்லை. மெதடோனும் புப்ரெநோர்பினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கம் வராது, உடல் முறுக்கும் வேதனை அடங்கும், வேலைக்குப் போகலாம், அளவு மீறிச் சாகும் ஆபத்தும் பெரிதும் குறையும். ஐஸுக்கு அப்படி உறுதியான மருந்து இன்னும் இல்லை. அங்கே உளவளத்துணை வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் போதை தெரியாத ஒவ்வொரு முறையும் சிறு பரிசு கொடுக்கும் முறை நல்ல பலன் தந்திருக்கிறது. இரண்டுக்கும் முள்வேலி தேவையில்லை.

இவை ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும், காய்ச்சலுக்கு மருந்து வாங்கும் அதே வளாகத்தில் கிடைக்க வேண்டும். தானாக வந்து உதவி கேட்பவரின் பெயர் பொலிஸுக்குப் போகாது என்பதைச் சட்டமே உறுதி செய்ய வேண்டும்.