மலையேறும் வண்டிகளும் மனிதர்களும்

சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்றாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என வரம்பும் விதிக்கப்பட்டது. மலைக்கு அபாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை, வரம்பு அவசியமே. ஆனால் எண்ணப்பட்டவை வண்டிகள், மனிதர்களல்லர். இருவர் அமர்ந்த மோட்டார் காரும் ஒன்று. வன்னியம்பட்டியில் நள்ளிரவில் ஏறிய ஐம்பது பேரைச் சுமந்த வாடகை பஸ்ஸும் ஒன்றே!

ராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளிக்கு வாய்ப்பது ஒரு நாள் ஓய்வு. வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே மலைச்சரிவுகளைக் கண்டு, ஏரியைக் குழந்தைகளுடன் சுற்றிவந்து, இரவே அவர் திரும்பியாக வேண்டும். 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை உண்டாக்கிய ஏரி அது. அன்று துரைமார் உலாவிய கரையில் இன்று நம் ஜனங்கள் உலாவுவதில் நமக்குள்ள திருப்தியை மறைப்பானேன்?

சர்க்கார் பஸ்களுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்களித்தது நியாயம். அந்த நியாயம் ஏழைகளின் வாடகை பஸ்ஸுக்கும் பொருந்தும். மலைப்பாதையின் வளைவுகளுக்கேற்ற சிறிய பஸ்களாகவே இருக்கட்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, வழிகாட்டியுடன், கூலிக்காரருக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில், கோடை விடுமுறைக்கு முன்னரே பஸ் விட வேண்டும்.