ஆபீஸ்ல யாருக்கு என்ன தெரியும்? ஏஐ தரும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்குமா?

“இந்த ஜிஎஸ்டி விஷயத்துல நம்ம ஆபீஸ்ல யாரைக் கேட்கலாம்?” இந்தக் கேள்வியை இதுவரை பக்கத்து சீட்டிலோ டீக்கடையிலோதான் கேட்டோம். இப்போது ஆபீஸ் சாட்டில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் கேட்டால், இரண்டு மூன்று பெயர்களைக் கொடுத்துவிடுகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் யார் பெயர் வருகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பது இனி சின்ன விஷயம் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘பீப்பிள் ஸ்கில்ஸ்’ வசதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2025-ல் இது 365 கோபைலட்டுடன் வந்தது. உங்கள் ப்ரொஃபைல், மெயில், சாட், மீட்டிங், ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து உங்களுக்கு என்னென்ன திறன்கள் இருக்கலாம் என்று இது ஊகிக்கிறது. லிங்க்ட்இன் தரவை வைத்து உருவான திறன் பட்டியலோடு அதைப் பொருத்துகிறது. தவறாக இருந்தால் நீங்களே நீக்கலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். எதை இயக்குவது, யாருக்குக் காட்டுவது என்ற அடிப்படை அமைப்பு மட்டும் நிறுவனத்தின் கையில்.

மும்பைத் தமிழர்களுக்கு இது புதுசா?

கருவிதான் புதுசு, தேவை பழசு. சுதந்திரத்துக்கு முன்பே டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு பம்பாய் வந்த தமிழர்கள் பலர் மாதுங்காவில் தங்கினார்கள். எந்தக் கம்பெனியில் ஸ்டெனோ வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பது மெஸ் பந்தியிலேயே தெரிந்துவிடும். பிறகு செம்பூருக்கும் அதே வலைப்பின்னல் நீண்டது. ஆனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பந்தியில் இடம் இல்லை. ‘தெரிஞ்சவங்க’ மூலமாகத்தான் கதவு திறக்கும் என்றால், சாதியும் வகுப்பும்தான் அங்கே வாட்ச்மேன்.

இங்கேதான் ஏஐ உதவியாளரின் நல்ல பக்கம் தெரிகிறது. குடும்பத்தில் முதல் ஆளாக கார்ப்பரேட் ஆபீசுக்குள் வரும் தாராவிப் பெண், யாருடைய சிபாரிசும் இல்லாமல் சரியான சீனியரைக் கண்டுபிடிக்க முடியும்.

அப்படின்னா சிக்கல் எங்கே?

முதலில், இது எழுத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கிறது. நீளமாக மெயில் போடுகிறவர் ‘நிபுணர்’ ஆகிவிடலாம். டீ குடிக்கும்போது தமிழிலும் இந்தியிலும் பத்து ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் வராமலே போகலாம்.

இரண்டாவது, பட்டியல் ஒரு வேலைக்காக உருவாகி வேறு வேலைக்குப் போகும். மும்பை இதைப் பார்த்திருக்கிறது. 1960-களில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை டைரக்டரிகளிலிருந்து எடுத்து வெளியிட்டது. 1966-ல் சிவசேனா உருவான சூழலுக்கு அந்தப் பட்டியல்களும் ஒரு காரணம். ஆளைத் தொடர்புகொள்ள அச்சிட்ட டைரக்டரி, ஆளைக் குறிவைக்கப் பயன்பட்டது.

இன்று அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘ஸ்கில்’ என்ற சொல்லின் எடை கூடியிருக்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டிசிஎஸ், 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, திறன் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைமை கூறியது. அதற்கும் இந்தக் கருவிக்கும் தொடர்பு இல்லை. உதவி கேட்க உருவான திறன் பட்டியல் நாளை அப்ரைசலுக்கோ ஆட்குறைப்புக்கோ போனால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கிறது. தரவைப் பார்க்கவும் திருத்தவும் 11, 12-வது பிரிவுகள் தரும் உரிமைகளோ, சம்மதம் கொடுத்த தரவையே சார்ந்தவை. ஊழியருக்கு ஒரு முக்கியப் பிடி 8-வது பிரிவு: ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அப்போது 18 மாத அவகாசம் தரப்பட்டது.

ஐரோப்பிய யூனியன் ஒரு படி மேலே போனது. பதவி உயர்வு, பணிநீக்கம், ஊழியர் மதிப்பீடு போன்றவற்றுக்கான ஏஐ-யை அதன் 2024 சட்டம் ‘அதிக ஆபத்து’ வகையில் வைத்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்த வாரமே உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, ஏஐ உங்களைப் பற்றி என்ன ஊகித்திருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

வாய்வழியாக உதவி செய்தால், டீம் சேனலில் இரண்டு வரி எழுதிவையுங்கள். உதவி வாங்கினால், சொல்லிக்கொடுத்தவரின் பெயரைப் போட்டு நன்றி சொல்லுங்கள். பட்டியலில் இல்லாதவர் அப்படித்தான் கண்ணுக்குத் தெரிவார்.

ஹெச்ஆரிடம் ஒரே ஒரு கேள்வியை மெயிலில் கேளுங்கள்: “இந்தத் திறன் தரவு அப்ரைசலுக்கும் ஆட்குறைப்புக்கும் பயன்படுமா?” ‘இல்லை’ என்ற பதில் எழுத்தில் கிடைத்தால், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’ என்றால், 8-வது பிரிவை நினைவில் வையுங்கள்.