யந்திரம் நம் மடியில்; சாவி யார் மடியில்?

கீழ்பென்னாத்தூரில் உள்ள நமது காரியாலயத்திற்கு ஒரு மடிக்கணினி வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தோழரின் மகன், தனக்கு வேறு வாங்கிக்கொண்டு இதை நமக்குக் கொடுத்தார். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மகஜரும் துண்டுப் பிரசுரமும் சந்தா ரசீதும் கையால் எழுதிப் பழகியவன். இருந்தாலும் துணிந்து ஒரு மாத காலம் அன்றாட வேலைகளையெல்லாம் அதிலேயே செய்து பார்த்தேன்.

அந்த அனுபவத்தைத் தொழிலாளித் தோழர்கள் முன் வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த மாதிரி யந்திரம் நாளை உங்கள் பிள்ளையின் கைக்கு வரும். ரேஷன், பென்ஷன், பட்டா, கூலி என்று எல்லாவற்றுக்கும் இன்று ஏதோ ஒரு கணினியின் முன்னால்தானே போய் நிற்கிறோம்!

நல்லதை முதலில் சொல்வோம்

யந்திரத்தின் எடை ஒன்றேகால் கிலோ இருக்கும். தோள்பையில் போட்டுக்கொண்டு சோமாசிபாடி வரை சைக்கிள் மிதித்தாலும் தோள் வலிப்பதில்லை. மூடியைத் திறந்தால் பத்து விநாடியில் வேலைக்குத் தயார். காலையில் மின்சாரம் ஏற்றினால் மாலை வரை தாங்குகிறது. சாதாரண மடிக்கணினியை விட விலையும் குறைவு என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்து பேசினால் அது தமிழில் எழுதிவிடுகிறது! அரிசி ஆலையில் மூட்டை சுமக்கும் தோழர், எழுத்தறியாதவர், தம் குறையைத் தம் வாயாலேயே சொன்னார். திரையில் எழுத்து வரிசை வரிசையாக ஓடியது. "மூட்டைக் கூலி" என்று அவர் சொன்னதை அது "முட்டைக் கூலி" என்று எழுதிற்று, எல்லோரும் சிரித்தோம், திருத்தினோம். ஆனால் அந்தத் தோழரின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி சிரிக்கக்கூடியதா? தம் சொல் தம் சொல்லாகவே எழுத்தில் ஏறியதை வாழ்நாளில் அன்றுதான் அவர் பார்த்தார்.

ஆகவே, யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு

அதே ஆலையின் தொழிலாளர்கள் 42 பேருக்குக் கூலி பாக்கி. யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், யாருக்கு எவ்வளவு வரவேண்டும் என்ற முழு விவரத்தையும் யந்திரத்தில் ஏற்றி வைத்திருந்தேன். திங்கட்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள். அங்கே மகஜர் கொடுப்பதாக முடிவு.

ஞாயிறு மாலை இடியும் மழையும் வந்தன. மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. இருந்த எந்தக் கைபேசியிலும் ஒரு கோடு கூட ஏறவில்லை. மடிக்கணினியைத் திறந்தேன். அதில் மின்சாரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, பட்டியல் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்ப ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஓர் அம்மாள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நெல் புடைக்கும் வேலை செய்பவர். "இன்னாப்பா, பொட்டி இருக்குது, உள்ளே சாமான் இல்லியா?" என்று கேட்டார்.

நான் என்ன பதில் சொல்வது? உண்மையிலேயே உள்ளே சாமான் இல்லை!

நமது மூத்த தோழர் ஒருவர் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில், கார்பன் காகிதம் வைத்து, விடிய விடிய எழுதினோம். நாற்பது பேர் கணக்கு கிடைத்தது. பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரின் கணக்கு நோட்டில் இல்லை. யந்திரத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த இருவரும் இன்னொரு திங்கட்கிழமைக்குக் காத்திருக்க நேர்ந்தது. ஒரு நாள் கூலியையும் பஸ் சத்தத்தையும் இரண்டாம் முறையும் இழந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்புக்கு அதன் பொருள் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் யாருடையது? பாதி என்னுடையது. இணையம் இல்லாத வேளையிலும் எழுதியதைத் திறக்க இந்த யந்திரத்தில் ஒரு வசதி உண்டாம். முன்கூட்டியே அதை முடுக்கி வைக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. ஒரு மாணவி வந்து பிறகுதான் காட்டிக்கொடுத்தாள். ஆனால், இணையம் எந்நேரமும் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட யந்திரம், இணையம் எந்நேரமும் இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதையும் மறந்துவிட முடியாது.

மாற்றான் கிணறு

விஷயம் இதுதான். சாதாரண மடிக்கணினி, எழுதியதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இந்த ரகமோ, பெரும்பாலானவற்றை இணையத்தின் வழியே எங்கோ உள்ள கம்பெனியின் களஞ்சியத்திற்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது அங்கிருந்து எடுத்து வருகிறது. அதனால்தான் லேசாக இருக்கிறது. அதனால்தான் விலையும் குறைகிறது. "மேகத்தில் இருக்கிறது" என்று அழகாகப் பெயர் சொல்கிறார்கள். மேகத்தில் எதுவும் இல்லை. மின்சாரத்தையும் தண்ணீரையும் குடித்துக்கொண்டு பெரிய பெரிய கட்டடங்களில் ஓடும் யந்திரங்களில் இருக்கிறது.

இந்த ரகத்திற்குக் "குரோம்புக்" என்று பெயரிட்டு 2011இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் கூகுள் கம்பெனி. 2023 அக்டோபரில் எச்.பி. கம்பெனியும் கூகுளும் சேர்ந்து, சென்னைக்கு அருகே உள்ள பிளெக்ஸ் ஆலையில் இவற்றைச் செய்யத் தொடங்கின. அதாவது, நமது தொழிலாளிகளின் கைகளே இதைப் பூட்டுகின்றன. ஆனால் களஞ்சியத்தின் சாவி அந்தக் கைகளில் இல்லை.

நம் பக்கத்து விவசாயிக்கு இது புரியாத கதை அல்ல. சொந்த நிலம் இருக்கும். விதை மலிவாகக் கிடைக்கும். ஆனால் தண்ணீர் மாற்றான் கிணற்றிலிருந்து வரவேண்டும். கிணற்றுக்காரன் மனம் இருக்கும் வரை மல்லாட்டை பச்சையாக இருக்கும். அவன் மடையை அடைத்தால்?

மூன்று பேர் மடையை அடைக்கலாம்

முதலாவது, இணையம் விற்கும் கம்பெனி. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் சந்தா 299 ஆயிற்று. வருஷத்துக்கு 12 மாதம் என்று நாம் படித்தோம். 28 நாளை மாதமாக வைத்துக் கணக்குப் போட்டால் 13 தடவை பணம் கட்ட வேண்டும்! 2025–26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆக, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் உழைப்பு இணையத்திற்கே போகிறது. யந்திரத்தை ஒரு தடவை வாங்கினால் போதும். தண்ணீருக்கோ ஆயுள் முழுவதும் வரி.

இரண்டாவது, சர்க்கார். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்த உத்தரவு போட்டார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் பூட்டிய இணையம், முழு வேகத்தில் திரும்பியது 2021 பிப்ரவரியில். ஜனங்களுக்குச் செய்தி மிக மிக அவசியமான நேரம் எதுவோ, அந்த நேரத்தில்தான் மடை அடைபடுகிறது. அப்போது இணையத்தையே நம்பியிருக்கும் யந்திரம் வெறும் தகரம்.

மூன்றாவது, களஞ்சியத்தின் எஜமான். 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா கம்பெனியில் ரஷ்யாவின் ராஸ்நெப்டுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய யூனியன் அதன் மீது தடை விதித்தது. உடனே அமெரிக்காவின் மைக்ரோசாப்ட், நயாராவின் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்திவிட்டது. இந்திய மண்ணில் உள்ள ஆலை. காசு கொடுத்து வாங்கிய சேவை. தடை போட்டதோ வேறு கண்டம்! நயாரா டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. சில நாட்களில் சேவை திரும்பியது. கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனிக்கு ஹைகோர்ட் வாசல் இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு எந்த வாசல்?

இலவசம் என்ற வார்த்தையையும் நம்பிவிடக் கூடாது. பள்ளி, கல்லூரிகளுக்கு அளவில்லாத இடம் என்று கொடுத்து வந்த கூகுள், 2021இல் கொள்கையை மாற்றி, 2022இலிருந்து வரம்பு கட்டியது. பழகும் வரை இலவசம், பழகியபின் அளவு!

அப்படியானால் வேண்டாம் என்பதா?

"கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே!" என்று சிலர் கேலி பேசுவார்கள். 1960களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் காவல் காத்தது உண்மை. வேலை போய்விடும் என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்கள், வேலை போனவன் வீட்டில் ஒரு நாள் உண்டு பார்க்கட்டும். ஆனால் இன்று யந்திரத்தை விலக்கி வைத்தால் நஷ்டம் நமக்குத்தான். எழுத்தறியாத தோழரின் பேச்சை எழுத்தாக்கிய யந்திரத்தை நான் எப்படி வேண்டாம் என்பேன்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியில் நமக்கும் பங்கு வேண்டும் என்கிறேன்.

அது நடக்காத காரியமல்ல. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்களுக்கு யந்திரம் கிடைத்தது. அவற்றில் சொந்தக் களஞ்சியம் இருந்தது. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளையும் அதில் எழுதினான், படித்தான். கேரளத்துப் பள்ளிகள், எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்டாத லினக்ஸ் மென்பொருளிலேயே பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்துக் காட்டின. 2019இல் கேரள ஹைகோர்ட், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2023 ஜூன் 5இல் அம்மாநில சர்க்கார் தன் சொந்த இணைய வலையான கே–போனைத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்திற்கு இலவச இணைப்பு என்பது அதன் வாக்குறுதி. வாக்குறுதி நிறைவேற மக்கள் விடாமல் கேட்க வேண்டும் என்பது வேறு விஷயம். கிணற்றைப் பொதுவில் வெட்ட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவது சர்க்காரின் திட்டம். அந்தக் கம்பி பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கக் கூடாது. காலனித் தெருவுக்கும் நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீள வேண்டும். உழைப்பாளிக் குடும்பத்துக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். பி.எஸ்.என்.எல். பொதுச்சொத்தாக நின்று நிலைக்க வேண்டும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் தருவதாக மாநில சர்க்கார் அறிவித்தது. எந்த சர்க்கார் எந்தத் திட்டத்தில் கொடுத்தாலும் ஒரு ஷரத்து வேண்டும்: இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும், எழுதியது மாணவன் கையிலேயே இருக்க வேண்டும்.

கூலி, ரேஷன், பென்ஷன் விஷயத்தில் "சிக்னல் இல்லை, நாளை வா" என்ற பேச்சே கூடாது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் கைபேசிப் படம் எடுத்தால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். மண் சுமந்த கைக்குச் சாட்சி மண்ணே! கோபுரம் படுத்துவிட்டால் உழைத்த நாள் உழைக்காத நாள் ஆகிவிடுமா? காகிதத்தில் ஒரு பதிவும் செல்லுபடியாக வேண்டும்.

நம் கையிலும் வேலை இருக்கிறது. இரண்டாம் கையாக இந்த ரகம் வாங்குவோர், மென்பொருளைப் புதுப்பிப்பது எந்த வருஷத்தோடு நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள். 2023 செப்டம்பரில் கூகுள் பத்து ஆண்டு என்று அறிவித்தது. அந்தக் கணக்கு ரகம் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. சங்கக் கணக்கு எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். யந்திரத்தில் ஒன்று, விரல் நீளப் பென் டிரைவில் ஒன்று, காகிதத்தில் ஒன்று.

நமது காரியாலயத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டியலை அச்செடுத்து நோட்டில் ஒட்டுகிறோம். விட்டுப்போன அந்த இரு தோழர்களின் பெயரும் கணக்கும் அடுத்த திங்கட்கிழமையே மகஜரில் ஏறின. அந்த அம்மாளிடம் நோட்டைக் காட்டினேன். தம் பெயர் உள்ள வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்போ சாமான் உள்ளே இருக்குது" என்றார்.