கேலி பண்ணின காரைத்தான் இப்போ தேடிக்கிட்டு இருக்கேன்

நெல்லு அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. மழையும் விட்டுடுச்சு. கொஞ்சம் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது. இந்தத் தடவை விவசாயம் இல்ல, கார் பத்தி. "மூணு ஏக்கர் வெச்சிருக்கறவனுக்கு கார் எதுக்கு"ன்னு கேக்கறவங்க இதைக் கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கேளுங்க.

எங்க அம்மாவுக்கு 74 வயசு. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பைக்ல பின்னாடி உட்கார முடியாது. மாசத்துக்கு ரெண்டு தடவை வேலூர் சிஎம்சிக்குப் போகணும். கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டுல இருந்து வேலூருக்கு பஸ்ஸுக்குக் குறை இல்ல. ஆனா எங்க வீடு அமிர்தி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, கொல்லைமேட்டுல இருக்கு. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றதுதான் அம்மாவுக்கு வேலூர் போறதை விடக் கஷ்டம்.

போன ஆவணி மாசம் ஒரு நாள் ராத்திரி, ஒரு மணி இருக்கும். அம்மாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பிச்சுடுச்சு. பங்காளி வீட்டுல பெரிய கார் இருக்கு. அவனும் தூக்கத்துல எழுந்து ஓடி வந்து வண்டியை எடுத்தான். ஆனா எங்க சந்துக்குள்ள அது நுழையல. ஒரு பக்கம் வைக்கோல் போர், ஒரு பக்கம் சுவரு. அம்மாவைக் கட்டிலோட தூக்கறதா, நடக்க வைக்கறதான்னு நாங்க நிக்கும்போது, சத்தம் கேட்டு பக்கத்துத் தெரு போஸ்ட்மாஸ்டர் அய்யா தன்னோட நானோவை எடுத்துக்கிட்டு நேரா வாசப்படி வரைக்கும் வந்துட்டார். பின் சீட்டுல அம்மாவும் என் சம்சாரமும், முன்னாடி நான். முக்கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி. அம்மா பொழச்சுக்கிட்டாங்க.

இதுல நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த மஞ்சள் நானோவை அவர் வாங்கிட்டு வந்த நாள்ல, டீக்கடையில உட்கார்ந்து "மூடின ஆட்டோ வந்துடுச்சுடா"ன்னு முதல்ல சொன்னவன் நான்தான். ஊரே சிரிச்சுது. அந்தப் பேரு அந்த வண்டிக்கு இன்னிக்கும் இருக்கு.

அன்னியிலிருந்து ஒரு சின்ன கார் தேடறேன். கையில ரெண்டு லட்சம் இருக்கு. பழைய மாருதி 800, ஆல்டோ, நானோ எதுவானாலும் சரின்னு நெனச்சேன். "அதுக்கென்ன, தெருவுக்கு நாலு நிக்குமே"ன்னு நீங்க நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆரணி, போளூர், வேலூர்னு மூணு மாசமா அலையறேன். நல்ல வண்டி வெச்சிருக்கறவங்க விக்கறது இல்ல. விக்க வர்ற வண்டி நல்லா இல்ல.

முதல்ல போஸ்ட்மாஸ்டர் அய்யா கிட்டயே கேட்டேன். "தம்பி, என் பையன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்"னார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அன்னிக்கு என்னைப் பார்த்து சிரிச்சவங்க எல்லாம் இப்போ இன்னா ஓட்டறாங்க பாத்தியா? ஈஎம்ஐ ஓட்டறாங்க."

அவருக்கு நான் பேசினது எல்லாம் தெரியும்னு அப்பதான் புரிஞ்சுது.

சின்ன காருக்கு அலையறது நம்ம நாட்டுல புதுசு இல்ல. அம்பாசடர், பத்மினின்னு ரெண்டு மூணு வண்டிதான் இருந்த காலத்துல, பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். மாருதி 800 வந்தபோதும் அப்படித்தான். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியோட சாவியை இந்திரா காந்தி குடுத்தாங்க. வாங்கினவர் ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ்ல வேலை பார்த்தவர். குலுக்கல்ல அவர் பேரு வந்துச்சு. விலை 47,500 ரூபாய். அந்த மனுஷன் 2010-ல சாகற வரைக்கும் அந்த வண்டியை விக்கவே இல்ல. இப்போ அது கம்பெனி தலைமை ஆபீஸ்ல காட்சிக்கு நிக்குது.

நானோ கதையும் குலுக்கல்தான். ஸ்கூட்டர்ல புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்கன்னு ஒரு குடும்பமே நெருக்கிக்கிட்டு மழையில போனதைப் பார்த்துட்டுத்தான் இந்த யோசனை வந்ததுன்னு ரத்தன் டாடா சொல்லியிருக்கார். 2008 ஜனவரியில காட்டினாங்க. மேற்கு வங்கம் சிங்கூர்ல தொழிற்சாலைக்கு எடுத்த நிலத்துக்காக விவசாயிங்க போராடினதும், கம்பெனி அங்கிருந்து குஜராத் சானந்துக்குப் போனதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2009-ல புக்கிங் திறந்தப்போ 2 லட்சம் பேருக்கு மேல பணம் கட்டினாங்க. முதல் 1 லட்சம் வண்டி யாருக்குன்னு கம்ப்யூட்டர்ல குலுக்கல் போட்டாங்க. அதே நானோ 2018 ஜூன் மாசத்துல எத்தனை செஞ்சாங்க தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. கொஞ்ச நாள்ல அதோட கதை முடிஞ்சுது.

ஒம்பது வருஷத்துல அப்படி இன்னா ஆச்சு? சில வண்டி தீப்பிடிச்சது, ஆரம்பத்துல கேட்டவங்களுக்கு உடனே குடுக்க முடியாம போனது, இது எல்லாம் காரணம்தான். ஆனா 'நாட்டுலயே விலை குறைஞ்ச கார்'னு பேரு வாங்கினதே அதுக்குக் கெடுதலாப் போச்சுன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னார். யாருக்கும் விலை குறைஞ்ச கார் வெச்சிருக்கறவன்னு பேரு வாங்க இஷ்டம் இல்ல. டீக்கடையில என்னை மாதிரி ஒருத்தன் ஒவ்வொரு ஊருலயும் இருந்திருப்பான்.

நைனாவோட கதையையும் சொல்லிடறேன். எங்க நைனா 1998-ல ஒரு வெள்ளை மாருதி 800-ஐ ரெண்டாவது கையா வாங்கினார். மூணு சிலிண்டர், 796 சிசி. டிக்கியில யூரியா மூட்டை போகும். கமிட்டிக்கு மல்லாட்டை சாம்பிள் எடுத்துட்டுப் போவார். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஏழு பேர் போயிருக்கோம், ரெண்டு குழந்தைங்க மடியில. 2012-ல என் தங்கச்சி கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தப்போ ஒருத்தர், "இன்னும் இந்த டப்பாவையா வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். கேட்டவர் மறந்திருப்பார். நான் மறக்கல. கல்யாணம் முடிஞ்ச மாசமே நைனாவை நச்சரிச்சு அதை 40,000 ரூபாய்க்கு வித்தேன். நைனா ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் எங்க வீட்டுல காரே இல்ல. 'வாங்கினா பெரிசா வாங்கணும்'னு சொல்லிச் சொல்லியே பதிமூணு வருஷம் போயிடுச்சு.

2014 ஜனவரியில மாருதி 800 தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆல்டோ 800-ஐயும் 2023-ல நிறுத்திட்டாங்க. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி நாட்டுல விக்கற காருல கிட்டத்தட்ட பாதி சின்ன காருங்க. இப்போ அது கால் பங்கு அளவுக்கு வந்துடுச்சு. புகை விதி, பாதுகாப்பு விதின்னு செலவு கூடினதும், கம்பெனிக்குப் பெரிய வண்டியில லாபம் கூட வர்றதும் காரணம். ஆனா எல்லாப் பழியையும் கம்பெனி மேல போட நான் தயாரா இல்ல. நாம கேட்டதைத்தான் அவங்க செஞ்சாங்க. நாம பெரிசு கேட்டோம்.

வேலூர்ல ஒரு ஷோரூமுக்கும் போனேன். "சின்னதா ஒண்ணு வேணும்"னேன். வேட்டியைப் பார்த்தாரோ என்னமோ, அந்தத் தம்பி மரியாதையாத்தான் உட்கார வெச்சார். ஆனா சின்ன வண்டியைக் காட்டவே இல்ல. "சார், இன்னும் கொஞ்சம் போட்டா உயரமான வண்டியே வந்துடும், உங்க ஊரு ரோட்டுக்கு அதுதான் சரி, லோன் நாங்களே பண்ணித் தர்றோம்"னு சொன்னார். 9 லட்சம் லோன், 84 மாசம். மாசம் கிட்டத்தட்ட 15,000. கூட்டிப் பார்த்தா 12½ லட்சம் கட்டணும். சம்பளக்காரங்களுக்கு ஒண்ணாந்தேதி பணம் வரும். நமக்கு அறுப்புக்கு அறுப்புதான் பணம். நடுவுல ஒரு மழை தப்பினா, மூணு மாசம் கட்ட முடியாது. அந்த மாதிரி பெரிய வண்டி வாங்கிட்டு, கட்ட முடியாம நகையை அடகு வெச்சு, கடைசியில வண்டியையும் விட்டவங்க நம்ம சுத்துப்பட்டு ஊருங்கள்ல எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும்.

பழைய வண்டி தேடறவங்களுக்கு, இந்த மூணு மாசத்துல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஆர்சி புத்தகத்துல 15 வருஷக் கணக்கை முதல்ல பாருங்க. அது முடிஞ்சிருந்தா மறுபடி பதிவு பண்ணணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டின வண்டின்னா 2025 ஆகஸ்டுல இருந்து 10,000. பசுமை வரி தனி. லோன் பாக்கி ஆர்சியில ஏறியிருக்கான்னு பாருங்க. வெளி மாநில வண்டி விலை குறைச்சலாத் தெரியும். டெல்லியில 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டிக்குத் தடைன்னு ஆனதுல இருந்து அங்கேர்ந்து நிறைய வண்டி இந்தப் பக்கம் வருது. தடையில்லாச் சான்றிதழ், இங்க கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்துப் பார்த்தா லாபம் ஒண்ணும் நிக்காது. கால் வைக்கற இடத்துல இருக்கற மேட்டைத் தூக்கிப் பாருங்க. ஒரு தரகர் எனக்குக் காட்டின 800-ல மேட்டுக்குக் கீழ துரு ஏறி, தரையே தெரிஞ்சுது. "வெல்டிங் வெச்சுக்கலாம் அண்ணா"ன்னார். 90,000 சொன்னார். நைனா வண்டியை நான் 40,000-க்கு வித்தது ஞாபகம் வந்துச்சு.

இதுக்கு நடுவுல என் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. நர்சிங் படிக்கிறா. "அப்பா, பாட்டிக்காகத்தானே வாங்கறீங்க? 800-ல ஏர்பேக்கே இல்லையே. வேலூர் ரோடு நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் எப்படிப் போகுதுன்னு பாக்கறீங்க இல்ல?" எனக்கு பதில் இல்ல. 'அந்தக் காலத்து வண்டி இரும்பு'ன்னு சொல்றது எல்லாம் சும்மா. 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த எல்லா காருலயும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். விதி வந்ததால விலை ஏறிச்சுன்னு மேல நானே எழுதினேன். அந்த விலை நியாயமான விலைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது பழைய டப்பா இல்ல, சின்ன வண்டி. ரெண்டும் வேற வேறன்னு என் பொண்ணுதான் புரிய வெச்சா.

அதனால தேடல் மாறிடுச்சு. இப்போ 2019-க்கு அப்புறம் வந்த ஆல்டோ இருந்தா பாக்கறேன். அது இன்னும் கஷ்டம். வாங்கினவங்க யாரும் விடறது இல்ல.

2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம் இருந்தது 18 சதவீதம் ஆயிடுச்சு. டிராக்டருக்கு 12-ல இருந்து 5. அதுக்கப்புறம் ஆல்டோ கே10 ஆரம்ப விலை 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வந்துச்சு, ஆறு ஏர்பேக்கோட. நம்ம மாநில ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தா நாலரை லட்சம் கிட்ட வரும். பொங்கல் வரைக்கும் பழசு தேடுவேன். கிடைக்கலேன்னா நெல்லு காசையும் போட்டு, மீதிக்கு மட்டும் லோன் வாங்கி அந்தச் சின்னதையே வாங்கப் போறேன். ஷோரூம் தம்பி எவ்வளவு உயரமான வண்டியைக் காட்டினாலும் சரி. எங்க சந்து அகலத்தை அளந்து வெச்சிருக்கேன்.

உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். வீட்டுல சின்ன கார் இருந்தா, சம்பந்தி சொன்னார், பங்காளி சிரிச்சான்னு விக்காதீங்க. ராத்திரி ஒரு மணிக்கு வாசப்படி வரைக்கும் வர்ற வண்டிதான் நம்ம வண்டி. ஊருல யாராவது சின்ன கார் வாங்கிட்டு வந்தா பேரு வெக்காதீங்க. நான் வெச்ச பேரை இப்போ ஊருல எடுக்க முடியல. அம்மா மட்டும் அந்த வண்டியை அப்படிச் சொல்றது இல்ல. "அய்யா கார்"னுதான் சொல்றாங்க.

யாருக்காவது ஒரு நல்ல ஆல்டோ விக்கற யோசனை இருந்தா சொல்லுங்க. மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.