முகவீணை ஊமையாகலாமா?

பழஞ்செஞ்சி எனப்படும் மேலச்சேரியிலும் சூழ்ந்த சிற்றூர்களிலும் துரோபதையம்மன் விழாவின்போது பாரதக் கூத்து விடியவிடிய நிகழும். அக்கூத்திற்கு மூச்சாய் நின்றது முகவீணை. பெயரில் வீணை இருப்பினும் அதில் நரம்பில்லை. கைமுழத்திற் குறுகிய ஊதுகருவி, நாயனத்தின் தம்பி எனலாம். கலைஞர் அதனைப் பிள்ளைபோற் பேணுவார். சீவாளியை நாவில் நனைத்துப் பதம் பார்ப்பார். இப்பற்றினைப் பித்தென நகைப்பாரும் உளர். நகைக்கட்டும்! பாடுவோன் குரலோடு குழைந்து செல்லும் இசை அம்மூச்சிலன்றி வேறெங்குப் பிறக்கும்?

இன்றோ பல களரிகளில் ஆர்மோனியப் பெட்டியே ஓங்கியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பிரஞ்சு நாட்டிற் பிறந்த அப்பெட்டி கட்டைக்குக் கட்டை தாவுமேயன்றிக் குழையாது. இக்குறையையும் காட்டியே இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி, 1971 வரை வாயிலடைத்திருந்தது.

பெட்டிக்காரர்மேற் பழியில்லை, அவர்க்கும் தம் பெட்டிமேல் அன்புண்டு. முகவீணைக்குத் தனிக்கூலி ஏனென்று கணக்குப் பார்க்கும் ஊரார்மேலேயே பழி. ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் வாரியிறைக்கும் கை இங்கு மட்டும் மடங்குவதேன்? கூத்திற்கு வெற்றிலை பாக்கு வைக்குமுன், முகவீணை வருமா என்று கேளுங்கள். வருபவரிடம் பழக ஊர்ச் சிறுவன் ஒருவனையும் அனுப்புங்கள்.