பூட்டிய சிப்பும் ஒரு ராஸ்பெர்ரி பையும்

ராஸ்பெர்ரி பை போர்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிவிட்டால் மெஷ் நெட்வொர்க் தயார் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஏற்றுவது என்னவோ சுலபம்தான். இமேஜை இறக்கி எஸ்டி கார்டில் எழுதினால் போதும். மாட்டிக்கொள்வது அப்புறம்தான்! 2016ல் வந்த பை 3ல் வைஃபை போர்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் தயாரித்தவர் கையில், மூலநிரல் கிடைக்காது. ஒரு போர்டு அடுத்த போர்டுக்குத் தகவலைக் கைமாற்றும் 802.11எஸ் முறைக்கு அதில் இடமே இல்லை. வேண்டுமென்றால், அது தெரிந்த யூஎஸ்பி அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். முழு வீட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு அறைச் சாவியை மட்டும் தராமல் வைத்துக்கொள்வது என்ன வியாபாரம்?

இது புதுசும் இல்லை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் லினக்ஸ் நிரல், ஜிபிஎல் உரிமத்தின் புண்ணியத்தில் 2003ல் வெளியானது. அதிலிருந்து 2004ல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. அப்போதும் பிராட்காம் வைஃபை டிரைவர் மட்டும் பூட்டியே வந்தது. பையில் இருப்பதும் அதே வம்சத்துச் சிப்தான்.