அடைக்கலம் தேடிய கடவுள்

தேம்பாவணியைத் தமிழுக்காகப் போற்றுகிறோம். அதன் நம்பிக்கையைக் கத்தோலிக்கர்களிடம் விட்டுவிட்டு, சொல்வளத்தை மட்டும் நமக்கென எடுத்துக்கொள்கிறோம். இது அரைகுறை வாசிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி. அன்று அதன் பெயர் திருக்காவலூர். பெரம்பலூரையும் அரியலூரையும் சுற்றிய வானம் பார்த்த பூமியிலிருந்து மழைக்காகவும் பிள்ளைக்காகவும் நோய் தீரவும் வேண்டிக்கொண்டு, மதபேதமின்றி மக்கள் அங்குள்ள அடைக்கல மாதாவிடம் வருகிறார்கள்.

3615 பாடல்கள் கொண்ட அந்தக் காவியத்தின் தலைவன் கிறிஸ்து அல்ல. அவரை வளர்த்த தச்சன் சூசை. இந்தத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. தான் வணங்கும் இறைவனையே கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, ஏரோதின் வாளுக்குத் தப்பி இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறான் அவன். உலகைக் காப்பவனுக்கு ஒரு கூலித் தொழிலாளியின் காவல் தேவைப்படுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய மொழிக்குத் தெய்வம் குழந்தையாவது புதிதல்ல. ஆனால் அகதியாகும் குழந்தை புதிது.

கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று கி.பி. 451-இல் கால்செதோன் சங்கம் வரையறுத்தது. அது வெறும் இறையியல் வழக்கன்று. துன்பத்தில் கிடப்பவனின் கேள்வி. கடவுள் மட்டுமே என்றால் என் வலி அவருக்குத் தெரியாது. மனிதர் மட்டுமே என்றால் என்னோடு அழலாம், அதற்குமேல் அவரால் ஆவதொன்றில்லை. யோவான் நற்செய்தியில் இலாசரின் கல்லறைமுன் இயேசு அழுகிறார். சற்று நேரத்தில் அவனை எழுப்பவும் போகிறார். எழுப்பப் போகிறவர் ஏன் அழவேண்டும்? தீர்வு கையிலிருந்தாலும் துக்கம் துக்கமே என்பதால்தான்.

என் தந்தையின் இறுதி நாட்களில் ஏலாக்குறிச்சிக்குப் போனேன். நான் நம்பிக்கையாளன் அல்லன். வேண்டியது நடக்கவுமில்லை. வீடு திரும்பியபின், தாயை இழந்து கானகத்தில் தனித்து நின்ற கருணையன் புலம்பும் பகுதியை எடுத்துப் படித்தேன். பள்ளிப் பாடநூலில் உவமைநயம் எழுதவைக்கும் அதே பகுதிதான். அன்று உவமை எதுவும் கண்ணில் படவில்லை. இறைவனுக்கு வழி அமைக்கப் பிறந்த அந்தச் சிறுவனுக்கும் அழுகைக்கு விலக்கு இல்லை என்பது மட்டும் புரிந்தது.

நம்பாதவனும் காவியத்தில் சாய்ந்துகொள்ள இந்த இடம் போதும். ஆனால் அங்கே போய்ச்சேர, அதன் நம்பிக்கையையும் சேர்த்தே படித்தாக வேண்டும்.